மறுப்பைப் படித்தவர்கள்: தகவல் அறியும் உரிமைச் சட்டமும் மக்கள் அமைப்புகளின் பங்கும்

1. கேள்வி

லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அரசின் கொள்கையை மாற்ற முனையும்போது, அதன் பங்களிப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது? நம்மிடையே இதைப் பற்றி நடந்த விவாதம் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1984-ல் பிரகாஷ் காரத் ‘தி மார்க்சிஸ்ட்’ இதழில் எழுதிய கட்டுரை, வெளிநாட்டு நிதி பெறும் தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய உத்தியின் ஒரு கூறாகக் கண்டது. அதே ஆண்டில் ரஜனி கோத்தாரி, கட்சிகள் கைவிட்ட மக்களிடையே வேலை செய்யும் இத்தகைய குழுக்களைக் கட்சி சாரா அரசியலின் புதிய களமாகக் கண்டார். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் தொண்டு நிறுவனங்களைப் பற்றி எழுதப்பட்டவையும் ஏறக்குறைய இந்த இரு துருவங்களுக்கு நடுவில்தான் ஊசலாடின. ஒருபுறம் ‘என்.ஜி.ஓ. அரசியல்’ என்ற வசை. மறுபுறம் ‘சிவில் சமூகம்’ என்ற வாழ்த்து.

இரண்டுமே அமைப்பு யார் என்று கேட்கின்றன. அது செய்த வேலையால் சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்ன என்று கேட்பதில்லை. கொள்கை என்பது கடைசியில் உட்பிரிவுகளாகவும் விதிகளாகவும் படிவங்களாகவும்தான் மக்களிடம் வருகிறது. ஆகவே ஓர் அமைப்பின் தடத்தை அங்கேதான் தேட வேண்டும்.

இந்தக் கட்டுரை 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அப்படிப் படித்துப் பார்க்கும் முயற்சி. இந்தியாவில் மக்கள் அமைப்புகளின் கொள்கை முயற்சிக்குச் சான்றாக அதிகம் சொல்லப்படும் சட்டம் இதுதான். அதை யார் கொண்டுவந்தார்கள் என்பது பற்றி மாறுபட்ட விளக்கங்களும் உண்டு. அவற்றை எடைபோட்ட பிறகு இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: ராஜஸ்தானின் அமைப்புகள் சட்டத்துக்குத் தந்த முதன்மையான கொடை கூட்டபலமும் அல்ல, மேலிடத் தொடர்பும் அல்ல. ஓர் அரசு அலுவலகம் ‘இல்லை’ என்று சொல்லும் வழிகள் அனைத்தையும் பற்றிய நுணுக்கமான அறிவே அது. சட்டத்தின் வலிமை அந்த அறிவு எட்டிய இடங்களில் இருக்கிறது. பலவீனம் அது எட்டாத இடங்களில் இருக்கிறது.

2. களம்: கூலியிலிருந்து கணக்குக்கு

மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1990 மே 1 அன்று ராஜஸ்தானின் பீம் நகரில் தொடங்கப்பட்டது. 1975-ல் இந்திய ஆட்சிப் பணியை விட்டு விலகித் திலோனியாவில் வேலை செய்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987 முதல் தேவ்டூங்ரி என்ற சிற்றூரில் குடியிருந்து உருவாக்கிய அமைப்பு அது. அதன் முதல் கோரிக்கை தகவல் அல்ல, கூலி.

வறட்சி நிவாரணப் பணிகளில் குளம் வெட்டியவர்களுக்கும் சாலை போட்டவர்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டபோது அதிகாரிகள் சொன்ன பதில் எளிமையானது: நீங்கள் வெட்டிய மண்ணின் அளவு குறைவு, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம்.

இந்த இடத்தில்தான் போராட்டத்தின் திசை மாறியது. ஒரு வேலையிடத்தின் உண்மை மூன்று தாள்களில் இருக்கிறது. ஒன்று, யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று சொல்லும் மஸ்டர் ரோல். இரண்டு, எவ்வளவு வேலை நடந்தது என்று பொறியாளர் குறிக்கும் அளவுப் புத்தகம். நம்மூர்ப் பொதுப்பணித் துறையில் ‘எம் புக்’ என்பார்கள். மூன்று, கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் வண்டிக்கும் கொடுத்த பணத்தின் பில்கள். மஸ்டர் ரோலில் இறந்துபோனவர் பெயர் இருக்கும். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர் கைநாட்டு இருக்கும். அளவுப் புத்தகத்தில் முடிந்ததாகக் குறித்த கட்டடம் தரையில் பாதியில் நிற்கும். தாளைத் தனியாகப் பார்க்கும் தணிக்கையாளருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதைப் பொய் என்று சொல்லக் கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே. அவர்களிடம்தான் தாள் இல்லை.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் ‘ஜன் சுன்வாய்’ நடந்தது. பொது விசாரணை என்று அதைச் சொல்லலாம். அனுதாபம் கொண்ட ஓர் அதிகாரி பார்க்கவிட்டதால் பதிவேடுகளிலிருந்து விவரங்கள் கிடைத்தன. கூட்டத்தில் அவை உரக்கப் படிக்கப்பட்டன. பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து, தான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று சொன்னார். அல்லது பதிவேட்டில் இருப்பதில் பாதி நாள்தான் போனதாகச் சொன்னார். அடுத்தடுத்த மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற முழக்கத்தின் பொருள் கோஷமாக இல்லாமல் செயல்முறையாக அங்கே உருப்பெற்றது.

3. அலுவலகம் ‘இல்லை’ என்று சொல்லும் விதங்கள்

இதன் பிறகு நடந்த நிகழ்ச்சிகளைப் போராட்ட வரலாறாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மறுப்புகளின் வரலாறாகவும் அதைப் படிக்கலாம்.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சிப் பணிகளின் ஆவண நகல்களைப் பெறும் உரிமை மக்களுக்குத் தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. முதல் வகை மறுப்பு இது: வாக்களித்துவிட்டுச் சும்மா இருப்பது. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. உடனே ஓர் ஆணை வந்தது: ஆவணங்களைப் பார்க்கலாம், ஆனால் நகல் கிடையாது. இது இரண்டாம் வகை. உரிமையை ஏற்றுக்கொண்டு, பயன்படாதபடி அதைக் கொடுப்பது. நகல் இல்லாவிட்டால் வழக்குப் போட முடியாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் நிற்காது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பார்க்கும் உரிமையால் பயனே இல்லை. தர்ணா 40 நாட்கள் நீடித்தது. பியாவரின் வணிகர்களும் காய்கறிக்காரர்களும் உணவும் பணமும் தந்தார்கள். ‘ஜனசத்தா’ ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி, குல்தீப் நய்யார், நிகில் சக்ரவர்த்தி போன்ற பத்திரிகையாளர்கள் அங்கே சென்று பேசினார்கள். செய்தி டெல்லி வரை போனது.

மூன்றாம் வகைக்கு 1997-ல் ஜெய்ப்பூரில் நடந்ததைப் போலச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. தலைமைச் செயலகத்துக்கு அருகே நடந்த தர்ணா 53 நாட்களை எட்டியபோது, துணை முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார்: ஊராட்சி ஆவணங்களின் நகல் பெறும் உரிமையை வழங்கும் விதித்திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டது. அதாவது தகவல் பெறும் உரிமை பற்றிய தகவலே ரகசியமாக இருந்தது. பேச்சுவார்த்தை நடத்திய அதிகாரிகளும் அந்த இரண்டு மாதத்தில் அதைச் சொல்லவில்லை.

ஆணை கைக்கு வந்த பிறகும் மறுப்பு தீரவில்லை. ஊராட்சிச் செயலர்கள் விடுப்பில் போனார்கள். பதிவேடு மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். எதற்காகக் கேட்கிறாய் என்று விசாரித்தார்கள். இது என் துறை அல்ல என்று வேறு அலுவலகத்துக்கு விரட்டினார்கள். விதி இருந்தது. மீறினால் தண்டனை இல்லை. அதனால் விதி இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று.

4. மூன்று விளக்கங்கள்

இந்தக் களத்திலிருந்து 2005-ன் மத்தியச் சட்டம் எப்படி வந்தது? ஆய்வுலகில் மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, கீழிருந்து மேலே எழுந்த இயக்கம் என்ற விளக்கம். ராப் ஜென்கின்ஸும் ஆன் மேரி கோட்ஸும் 1999-லேயே இந்த இயக்கத்தை ஊழல் எதிர்ப்பின் புதிய வடிவமாகக் கண்டு எழுதினார்கள். அருணா ராயும் அமைப்பின் தோழர்களும் 2018-ல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை உள்ளிருந்து விரிவாகச் சொல்கிறது.

இரண்டாவது விளக்கம் பிரசாந்த் சர்மாவினுடையது. 2015-ல் வந்த அவருடைய நூல், கிராம இயக்கக் கதை முழுக் கதை அல்ல என்கிறது. தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழுவில் இருந்தவர்களில் பலர் ஆங்கிலம் அறிந்த, பதவியில் இருந்தவர்களோடு பழக்கமுள்ள, மேல்தட்டுப் பின்னணி கொண்டவர்கள். 1991-க்குப் பிந்தைய பொருளாதாரத் திறப்பும் ‘நல்லாட்சி’ பற்றிய உலகளாவிய பேச்சும் அவர்களுக்கு வழி திறந்தன என்பது அவர் வாதம்.

மூன்றாவது, ஹிமான்சு ஜாவின் 2020 ஆண்டு நூல் தரும் விளக்கம். வெளிப்படைத்தன்மை பற்றிய எண்ணம் அரசின் உள்ளேயே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துவந்து ஒரு கட்டத்தில் நிலை மாறியது என்கிறார் அவர். 1923-ன் அலுவலக ரகசியச் சட்டம் பற்றிய நாடாளுமன்ற விவாதங்கள், 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் செயல்களை அறியும் மக்களின் உரிமையை வலியுறுத்தியது, 1981-ல் எஸ்.பி. குப்தா வழக்கு, வி.பி. சிங் அரசின் அறிவிப்புகள் ஆகியவை இந்தக் கோட்டில் வருகின்றன.

மூன்றுக்கும் சான்று இருக்கிறது. 1995-ல் முசோரியில் உள்ள ஆட்சிப் பணிப் பயிற்சிக் கழகத்திலேயே தகவல் உரிமை பற்றிய கூட்டம் நடந்தது. இது மூன்றாம் விளக்கத்துக்குத் துணை. 1996-ல் உருவான தேசியப் பிரச்சாரக் குழுவுக்காக நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான பத்திரிகை மன்றம் மாதிரி மசோதா வரைந்தது. இது இரண்டாம் விளக்கத்துக்குத் துணை. 2004-ல் ஆட்சி மாறியதும் சோனியா காந்தி தலைமையில் அமைந்த தேசிய ஆலோசனைக் குழுவில் அருணா ராயும் ஜான் திரேஸும் உறுப்பினரானார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு அறிமுகப்படுத்திய மசோதா மத்திய அரசுக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருங்கியிருந்தது. நிலைக்குழு முன் சாட்சியமும் வெளியே அழுத்தமும் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களுடன் அது மாநிலங்களையும் தழுவிய சட்டமாக 2005 மே மாதம் நிறைவேறியது. அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆலோசனைக் குழு என்ற கதவு இல்லையென்றால் இந்த வேகம் சாத்தியமில்லை. அந்தக் கதவு மேல்தட்டுக் கதவுதான். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் மூன்று விளக்கங்களும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன: சட்டம் ஏன் நிறைவேறியது? எப்படிப்பட்ட சட்டம் நிறைவேறியது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட ஒப்பீடு தேவை. நல்வாய்ப்பாக, ஒப்பிடத் தக்க சட்டங்கள் இரண்டு நம்மிடமே இருக்கின்றன.

5. ஒப்பீடு: 1997-ம் 2002-ம்

தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1997-ல் அது நிறைவேறியது. ராஜஸ்தானில் நடந்ததைப் போன்ற நீண்ட வெகுமக்கள் போராட்டம் அதன் பின்னணியில் இல்லை. முனைப்பு ஆட்சியாளர்களிடமிருந்து வந்தது. அந்த வகையில் அது பாராட்டத் தக்க முன்னோடி. ஆனால் சட்டத்தின் உள்ளே பார்த்தால், தகவல் தராமலிருக்க இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள் அடுக்கப்பட்டிருந்தன. தகவல் தராத அலுவலருக்குத் தண்டனை இல்லை. மேல்முறையீடு அரசிடமேதான், மறுத்தவரின் மேலதிகாரியே மறுப்பை ஆராய்வார். எட்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தும் அந்தச் சட்டம் தமிழ்நாட்டின் பொது வாழ்வில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தடம் பதிக்கவில்லை. 2005-க்குப் பிறகு நம் ஊர்களில் ‘ஆர்.டி.ஐ. போட்டேன்’ என்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது. 1997-ன் சட்டத்துக்கு அப்படியொரு வினைச்சொல் கிடைக்கவே இல்லை.

மத்தியில் எச்.டி. ஷோரி குழு 1997-ல் அறிக்கை தந்தது. அதன் வழியாகக் கடைசியில் வந்தது 2002-ன் தகவல் சுதந்திரச் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படவே இல்லை. வந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அதிலும் தண்டனை இல்லை, சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு இல்லை.

இவ்விரு சட்டங்களையும் எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். தீய நோக்கம் கொண்டவர்கள் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அரசு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட அனுபவம் இல்லை. கேட்டால் கிடைக்கும் என்ற அனுமானத்தில் அவை எழுதப்பட்டன. 2005-ன் சட்டமோ கேட்டால் கிடைக்காது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது.

அதன் பிரிவுகளை இந்தக் கண்ணோடு படித்தால் மறுப்பின் வகைகள் ஒவ்வொன்றும் அங்கே அடைக்கப்பட்டிருப்பது தெரியும். பார்க்கலாம், நகல் கிடையாது என்ற பியாவர் ஆணைக்குப் பதிலாக, 2-ம் பிரிவு தகவல் உரிமை என்பதற்குள் பணிகளையும் ஆவணங்களையும் பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, சான்றிட்ட நகல் பெறுவது, பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுப்பது ஆகிய அனைத்தையும் சேர்த்திருக்கிறது. சிமென்ட் மாதிரியை எடுக்கும் உரிமை தத்துவ விவாதத்தில் தோன்றக் கூடியதல்ல; சாலையைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும். எதற்காகக் கேட்கிறாய் என்ற கேள்விக்கு, காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 6-ம் பிரிவு. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் எழுத்தில் கொண்டுவர அலுவலர் உதவ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது என் துறை அல்ல என்பதற்கு, 5 நாட்களுக்குள் உரிய துறைக்கு நீங்களே அனுப்புங்கள் என்ற விதி. இழுத்தடிப்பதற்கு 30 நாள் கெடு. உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் கட்டணமின்றித் தகவல். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணமே இல்லை. மறுத்தது சரி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது. அரசிதழில் புதைக்கும் வித்தைக்கு மறுமொழி 4-ம் பிரிவு: கேட்காமலே வெளியிட வேண்டியவற்றின் நீண்ட பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலாக, அலுவலரின் சொந்தச் சம்பளத்திலிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம்.

இந்த உட்பிரிவு இந்த ஊரின் கூட்டத்திலிருந்து நேராக வந்தது என்று ஒன்றுக்கு ஒன்றாகக் கோடு போடுவது தவறாகும். 250 ரூபாய் அபராதம் ஏற்கெனவே மகாராஷ்டிரச் சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதங்கள் இருந்தன. டெல்லி மாநிலச் சட்டத்தைப் பயன்படுத்திப் பரிவர்த்தன் அமைப்பு 2002-ல் சுந்தர்நகரியில் நடத்திய பொது விசாரணை, நகர்ப்புறத் தெருப் பணிகளின் கணக்கைச் சோதித்துக் காட்டியது. மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றும் எங்கே தோற்றன என்ற பாடம் தேசியப் பிரச்சாரக் குழுவின் வரைவில் திரண்டது. அதாவது இந்த அறிவு ஓர் அமைப்புக்கோ ஒருவருக்கோ சொந்தமானதல்ல. ஆனால் அதன் தன்மை ஒன்றே: வாதத்திலிருந்து அல்லாமல் மறுக்கப்பட்ட அனுபவத்திலிருந்து வந்தது. மேல்தட்டுத் தொடர்பு இதைச் சுமந்து சென்ற வண்டி. அரசின் உள்மாற்றம் திறந்துவிட்ட சாலை. ஏற்றப்பட்ட சரக்கு வேறிடத்திலிருந்து வந்தது.

6. அமைப்பின் வடிவம்

இத்தகைய அறிவைச் சேர்க்க எந்த வகை அமைப்பால் முடியும்? மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தன்னைத் தொண்டு நிறுவனம் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அது பதிவு செய்யப்பட்ட நிறுவனம் அல்ல. நிதி நிறுவனங்களின் மானியத்தையோ வெளிநாட்டுப் பணத்தையோ பெறுவதில்லை. தனிமனிதர்களின் நன்கொடையில் நடக்கிறது. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவில் பணம் பெறுகிறார்கள். திட்ட அறிக்கையும் மூன்றாண்டுக் காலக்கெடுவும் கேட்கும் நிதி ஏற்பாட்டில், கூலிக் கோரிக்கை கணக்குக் கோரிக்கையாக மாறுவதற்கான அவகாசம் கிடைத்திருக்காது என்று கருத இடமுண்டு.

ஆனால் இதிலிருந்து, நிதி பெறும் அமைப்புகளால் பயனில்லை என்ற முடிவுக்கு வருவது பிழை. தகவல் உரிமை இயக்கத்தில் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது. களத்தில் பதிவு செய்யப்படாத வெகுமக்கள் அமைப்பு. டெல்லியில் பிரச்சாரக் குழு. நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு மையமும் மக்கள் சிவில் உரிமைக் கழகமும். பிற நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டுச் சொல்ல காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சி. சட்டம் வந்த பின் தகவல் ஆணையங்களின் செயல்பாட்டை ஆண்டுதோறும் ஆராயும் சதர்க் நாகரிக் சங்கடன். வேட்பாளர்களின் சொத்து, குற்ற வழக்கு விவரங்களை வெளியிட வேண்டும் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 2002-ல் உச்ச நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பும் இதே சூழலைச் சேர்ந்தது. காரத்தின் கேள்வியும் கோத்தாரியின் நம்பிக்கையும் தனித்தனி அமைப்புகளைப் பற்றியவை. கொள்கையை மாற்றியது தனி அமைப்பு அல்ல, இந்தப் பிரிவினை.

அந்தப் பிரிவினையே இப்போது நெருக்கடியில் இருக்கிறது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 1976-ல் தொடங்கி 2010-ல் புதிதாக எழுதப்பட்டது. 2020 திருத்தம் ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்குத் தருவதை முற்றாகத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஆராய்ச்சியும் சட்ட உதவியும் செய்யும் அமைப்புக்குச் சம்பளமே முதன்மைச் செலவு. கணக்கில் அது நிர்வாகச் செலவாகிவிடும் அபாயம் உண்டு. பெரிய அமைப்பு பணம் திரட்டி, சிறிய அமைப்பு களவேலை செய்யும் உறவும் அறுந்தது. 2020 மார்ச்சில் இன்சாஃப் அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சி அரசியல் நோக்கமின்றி மக்கள் கோரிக்கைக்காகப் போராட்டத்தை ஆதரிப்பதாலேயே ஓர் அமைப்பின் நிதியைத் தடுக்க முடியாது என்று விதியைச் சுருக்கிப் பொருள் கொண்டது. தீர்ப்பு தந்த இடத்தை, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தம் வேறு பக்கத்திலிருந்து குறுக்கிவிட்டது.

7. சட்டத்தின் மெலிந்த இடங்கள்

மறுப்பின் அறிவு சட்டத்துக்கு வலிமை தந்தது என்றால், அந்த அறிவு எட்டாத இடத்தில் சட்டம் மெலிந்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது.

இயக்கத்தின் அனுபவம் ஊராட்சி, வட்டார, மாவட்ட அலுவலகங்களில் கிடைத்தது. தகவல் ஆணையம் என்பது 2005-க்கு முன் நாடு தழுவிய அளவில் இல்லாத அமைப்பு. அது எப்படியெல்லாம் செயலிழக்கும் என்ற பட்டறிவு அப்போது யாரிடமும் இல்லை. அலுவலருக்கு 30 நாள் கெடு வைத்த சட்டம், இரண்டாம் மேல்முறையீட்டை ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆணையர் பதவி காலியானால் எத்தனை நாளில் நிரப்ப வேண்டும் என்றும் சொல்லவில்லை. விளைவு: நிலுவை. நாடு முழுவதும் ஆணையங்களில் தேங்கிய மேல்முறையீடுகளும் புகார்களும் 2022-ல் மூன்று லட்சத்தைத் தாண்டின. 2019 பிப்ரவரியில் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவி காலியாகும் முன்பே தேர்வைத் தொடங்கும்படி நெறிகள் வகுத்தும் நிலை பெரிதாக மாறவில்லை. கீழ்நிலை எழுத்தரின் இழுத்தடிப்பை அடைத்த சட்டத்தால், மேல்மட்டத்தின் இழுத்தடிப்பை அடைக்க முடியவில்லை.

சட்டத்தை வெட்டியவர்களும் இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். 2019 திருத்தம் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் சட்டத்திலிருந்து எடுத்து மத்திய அரசு வகுக்கும் விதிகளுக்கு மாற்றியது. விண்ணப்பிக்கும் முறை, கெடு, அபராதம் எதுவும் தொடப்படவில்லை. தொட்டிருந்தால் எதிர்ப்பு வேறு மாதிரி இருந்திருக்கும். 2006-ல் கோப்புக் குறிப்புகளை விலக்க அன்றைய ஆட்சி முயன்றபோதும், 2013-ல் அரசியல் கட்சிகளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த மசோதா கொண்டுவந்தபோதும் எதிர்ப்பு வலுத்தது, இரண்டும் நிறைவேறவில்லை. ‘கோப்பில் எழுதியதை மறைக்கிறார்கள்’ என்பது தெருவில் சொன்னால் புரியும். ‘ஆணையரின் பதவிக்காலம் விதிக்கு மாற்றப்பட்டது’ என்பதைத் தெருவில் சொல்லிக் கூட்டம் சேர்ப்பது கடினம். நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியின் பெரும்பான்மை இரு காலங்களிலும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆலோசனைக் குழு போன்ற கதவு 2014-க்குப் பிறகு இல்லை என்பதும் உண்மை. கதவு வழியாக வந்த சட்டத்துக்குக் கதவு மூடியபின் காவல் குறைகிறது என்ற சர்மாவின் வழிவந்த விமர்சனம் இந்த அளவில் செல்லும்.

2023-ன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுப்பும் சிக்கல் வேறு வகை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு அளித்தது. ஆனால் பொதுச் செயலோடு தொடர்பில்லாத தகவலுக்கும் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைவதற்கும் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் அங்கே இருந்தது. புதிய சட்டத்தின் 44(3) இந்த நிபந்தனைகளை நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கியது. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை எனப் புட்டசாமி வழக்கில் தீர்ப்பான பின் இது தேவை என்பதும், பொதுநலனுக்காக வெளியிடும் அதிகாரம் 8(2)-ல் இன்னும் இருக்கிறது என்பதும் அரசுத் தரப்பு. அந்தரங்கம் பற்றிய கவலை பொய்யல்ல. ஆனால் 8(2) அலுவலகத்தின் எடைபோடலுக்கு விடப்பட்ட அதிகாரம். மஸ்டர் ரோல் என்பது பெயர்களின் பட்டியல். கோட் கிரானாவில் உரக்க வாசிக்கப்பட்டது பெயர், நாள், கூலி; மூன்றுமே தனிப்பட்ட தகவல் என்று ஓர் அலுவலர் இன்று எழுதி மறுக்கலாம். வேலை உறுதித் திட்டப் பதிவேடுகள் வேறு சட்டக் கடமையால் வெளியிடப்பட்டன என்பது உண்மை. ரேஷன் அட்டை, வீட்டு மானியம், ஒப்பந்ததாரர் பட்டியல், அதிகாரியின் சொத்து விவரம் என மற்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் இல்லை. அலுவலகம் ‘இல்லை’ என்று சொல்ல ஒரு புதிய வழி பிறந்திருக்கிறது. இந்த முறை அது சட்டத்தின் மொழியிலேயே, உரிமையின் பெயராலேயே வருகிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, சட்டம் நிறைவேறிய கதையும் சட்டம் எழுதப்பட்ட கதையும் வேறு வேறு. முன்னதில் ஆட்சி மாற்றம், நீதிமன்றம், உலகச் சூழல், செல்வாக்குள்ள மனிதர்கள் ஆகியோருக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னதில் அந்த இடத்தைக் களஅனுபவம் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் மக்கள் இயக்கமா, மேல்தட்டா என்ற தீராத சர்ச்சை நடக்கிறது.

இரண்டாவது, அரசே நல்லெண்ணத்தோடு கொண்டுவரும் சட்டம் போதும் என்ற நிலைப்பாட்டுக்குத் தமிழ்நாட்டின் 1997 அனுபவம் போதிய மறுப்பு. முன்னோடி என்ற பெருமையைச் சொல்லும்போதெல்லாம் அதன் பயன் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேவை பெறும் உரிமைச் சட்டம் வேண்டும் என்று இங்கே எழுந்துவரும் கோரிக்கைக்கும் இது பொருந்தும். எத்தனை நாளில் சான்றிதழ் தர வேண்டும் என்று எழுதுவது எளிது. விண்ணப்பத்தையே வாங்காமல் திருப்பி அனுப்பும் தாலுகா அலுவலகத்தை அந்தச் சட்டம் என்ன செய்யும் என்பதே கேள்வி.

மூன்றாவது, ஒரு சட்டத்தைப் பெற்றுத் தந்த அறிவு அதைக் காக்கவும் போதும் என்பதற்கு உறுதி இல்லை. மறுப்பு இடம் மாறிவிட்டது. ஊராட்சிச் செயலரின் பூட்டிய அலமாரியிலிருந்து ஆணையத்தின் காலி நாற்காலிக்கும், விதிகளின் அட்டவணைக்கும், தரவுப் பாதுகாப்பின் வரையறைகளுக்கும் அது போயிருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகள் அடுத்து எதைக் கோர வேண்டும் என்பதைவிட, இந்தப் புதிய மறுப்பை அதே பொறுமையோடு, வழக்கு வழக்காக, கோப்புக் கோப்பாகப் படிக்கின்றனவா என்பதே முதன்மையானது. அதற்குப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை செய்யும் ஊழியர்களும், காலக்கெடு வைக்காத பணமும், களத்தையும் நீதிமன்றத்தையும் இணைக்கும் உறவும் தேவை. வெளிநாட்டு நிதிச் சட்டம் முதல் உள்நாட்டு நன்கொடையாளர்களின் திட்டக் கணக்கு வரை இன்று இறுக்கப்படுவது அந்த மூன்றும்தான். கொள்கை முயற்சியின் எதிர்காலம் பற்றிய விவாதத்தை நாம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.